வேண்டாத சேவல்களை என்ன செய்வது?

கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எவ்வளவு வரவு என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். வேண்டாத கோழிகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தால் மட்டும் நழுவிவிடுவார்கள். அடை வைத்துக் குஞ்சு எடுக்கிற எந்தக் குடியானவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பலர் ஐந்தாறு மாதம் கழித்து, தீவனம் தீர்ந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். முட்டையை அடையில் வைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கு எளிது. ஒரு அடைக்கோழிக்கு 12 முட்டை வைத்தால் நல்ல பருவத்தில் 9 அல்லது 10 பொரிக்கும். காகம், பருந்து, கீரி எடுத்துக்கொண்டது போக 8 தேறும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறையப் பாதி சேவல். ஒரு பருவத்தில் மூன்று கோழிகளை அடை வைத்தால் கையில் நிற்பது 12 சேவல். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அந்த ஒன்று போக 11 சேவல் மிச்சம். அடைத்து வைத்து வளர்த்தால் வளர்ந்த சேவல் ஒன்று நாளுக்கு 100 கிராம் வரை தின்னும். பதினொன்றும் சேர்ந்து மாதத்துக்கு 30 கிலோவுக்கு மேல் கம்பும் குருணையும் தின்று தீர்க்கும். ஐந்து மாதத்துக்குப் பிறகு சதை பிடிப்பது மந்தமாகிவிடும். தின்பது மட்டும் குறையாது.

'மேய்ந்து தின்கிறது, நமக்கென்ன செலவு?' என்பவர்களும் உண்டு. தோட்டத்தில் கிடைக்கிற புழுவும் கரையானும் ஓர் அளவுதான். அதைச் சேவல் பொறுக்கினால் முட்டையிடுகிற கோழிக்குக் குறையும். போதாததற்குச் சேவல்கள் தங்களுக்குள் கொத்திக்கொண்டு கொண்டையைக் கிழித்துக்கொள்ளும். பெட்டைகளை ஓயாமல் மிதித்து முதுகு இறகை உதிர்த்துவிடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டுவைக்கிற சேவல்தான் வீட்டிலேயே செலவு அதிகமான கோழி.

கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பெரியவர்கள் பொறுக்கி வைப்பதுண்டு. அதை நம்பி முட்டையை ஒதுக்க வேண்டாம். ஓட்டின் வடிவம் தாய்க்கோழியின் முட்டைக் குழாயில் அமைவது. சேவலா பெட்டையா என்பதோ அதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். மனிதரில் தந்தை வழியாக முடிவாவது, கோழியில் தாய் வழியாக முடிவாகிறது. ஆகவே சேவலை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கொண்டை சிவந்து, கால் தடித்து, சேவல் குஞ்சு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பிரிக்க வேண்டிய நாள் அதுதான்.

அன்றைக்கு, எடுப்பான உடலும் நேரான காலும் உள்ள இரண்டு சேவல்களுக்கு மட்டும் காலில் அடையாள வளையம் போடுங்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும். மற்றவை எல்லாம் கறிக்கு என்று அன்றே தீர்மானித்து, பெட்டைகளிலிருந்து விலக்கித் தனிக் கூண்டில் விடுங்கள். வளையம் போட்ட சேவலையும் கூடப்பிறந்த பெட்டைகளோடு சேர்த்துவிடுவது உசிதமல்ல. இரண்டு மூன்று தலைமுறை இப்படிப் போனால் பொரிப்பும் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும். பக்கத்து ஊரில் நல்ல கோழி வைத்திருக்கிறவரோடு சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத இந்தப் பழைய ஏற்பாட்டை நாம் ஏன் கைவிட்டோம் என்று தெரியவில்லை.

சேவலுக்கு விலை கிடைப்பது மாதத்தைப் பொறுத்தது. ஆடியில் கோயில்களுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சேவல் தேடி வருவார்கள். தீபாவளிக்கும் பொங்கலை ஒட்டியும் நல்ல கிராக்கி. புரட்டாசியில் பாதி ஊர் கறி தின்னாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் வீட்டில் அடுப்பே மாறிவிடும். நாட்டுச் சேவல் ஐந்து மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டி விற்பனைக்கு வரும். அடைக்காலம் 21 நாள். தைக் கடைசியில் அடை வைத்தால் மாசியில் குஞ்சு, ஆடியில் சேவல். பங்குனிக் கடைசியில் வைத்தால் சித்திரையில் குஞ்சு இறங்கி, சேவல்கள் சரியாகப் புரட்டாசியில் வந்து நிற்கும். அதோடு வெயிலில் முட்டையும் அதிகம் கெடும். ஆடி முதல் பாதியில் வைத்த அடை மார்கழிக் கடைசியில் பொங்கலுக்குத் தயாராகும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் குஞ்சுகள் இரண்டு மாதம் தாண்டித் தேறியிருக்கும். பயிருக்குப் பட்டம் பார்க்கிற நாம் அடைக்குப் பட்டம் பார்ப்பதில்லை.

சேவலுக்கு விதை நீக்கிக் கொழுக்க வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கோழிக்கு விதை வயிற்றுக்குள் இருக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கொட்டிலில் வைத்துச் செய்கிற வேலையல்ல, விட்டுவிடுங்கள்.

இனி, தெருவில் கூடையில் வருகிற பச்சை, சிவப்பு, ஊதாக் குஞ்சுகள். நாமக்கல் வட்டாரத்துப் பெரிய பண்ணைகளில் இருப்பவை முட்டைக்கென்றே தேர்ந்தெடுத்த கோழிகள். வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும் இந்த இனத்தில் சேவலுக்கு வேலை இல்லை. பொரித்த முதல் நாளே குஞ்சுகளைப் பிரித்துச் சேவல்களைக் கழித்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஒரு பகுதி சாயம் ஏறி, குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாக வந்து, சில நாளில் சாகின்றன. ஜெர்மனியில் ஆண்டுதோறும் நான்கு கோடிக்கு மேற்பட்ட சேவல் குஞ்சுகள் இப்படி அழிந்துகொண்டிருந்தன. அங்கே 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது சட்டப்படி நின்றுவிட்டது. இப்போது கருவிலேயே பால் கண்டு முட்டையை விலக்குகிறார்கள்; இல்லையென்றால் சேவலையும் வளர்த்துக் கறிக்கு அனுப்புகிறார்கள். அதற்கான கூடுதல் செலவு முட்டை விலையில் ஏறுகிறது. அந்த இயந்திரங்கள் பெரிய பொரிப்பகங்களுக்கானவை. நம் வீட்டு அடைக்கூடைக்கு வரப்போவதில்லை.

சிறு விவசாயிக்கு இதில் சொல்ல வேண்டியது வேறு. 'சில ரூபாய்க்கு ஒரு குஞ்சு, ஐம்பது வாங்கி வளர்த்தால் கறிக்காகும்' என்று ஆசைப்பட்டு இந்தச் சேவல்களை வாங்காதீர்கள். கறிக்கோழி ஆறு வாரத்தில் மூன்றரைக் கிலோ தீவனத்தில் இரண்டு கிலோ எடை வரும். இந்தச் சேவல் அதே ஆறு வாரத்தில் அரை கிலோவைச் சுற்றியே நிற்கும். ஒரு கிலோ ஆவதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் தீவனக் கடைக்காரருக்குத்தான் லாபம். தடுப்பு மருந்து போடாத இந்தக் குஞ்சுகளோடு நோயும் வீட்டுக்குள் வரலாம். சேவலும் வீணாகக் கூடாது என்றால், முட்டைக்கும் கறிக்கும் ஆகிற இனமாகப் பார்த்து வாங்குங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி, ஹைதராபாத்திலிருந்து வந்த வனராஜா போன்றவற்றில் சேவலுக்கும் விலை உண்டு. வனராஜா கலப்பினம் என்பதால் அதன் முட்டையை மறுபடி அடை வைத்தால் அதே தரம் வராது.

கால் பின்னியது, அலகு கோணியது, தொப்புள் மூடாதது என்று ஒவ்வோர் அடையிலும் ஒன்றிரண்டு குஞ்சு இருக்கும். இவற்றைத் தண்ணீரில் அமிழ்த்துவதும், சாக்கில் கட்டி வாய்க்காலில் எறிவதும், 'தானாகச் சாகட்டும்' என்று வெயிலில் விடுவதும் ஊர் வழக்கமாகவே இருக்கிறது. இது கூடாது. தேறாத குஞ்சை உடனே, ஒரே இழுப்பில் கழுத்தெலும்பு விலகும்படி முடித்துவிடுவதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய உபகாரம். செய்முறையைக் கால்நடை மருத்துவரிடம் ஒரு தரம் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். கை வராதவர்கள் பழகியவரை அழைத்துக்கொள்ளலாம். மற்றபடி, குஞ்சு எடுக்கத் துணிந்தவர் இந்த வேலைக்கும் துணிய வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் அடை வைக்காமல் முட்டையாக விற்றுவிடலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கழித்த நோஞ்சானை 'நல்ல ஜாதிக் குஞ்சு' என்று அடுத்தவர் தலையில் கட்டுவதில்தான் குறைவு.

எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஊரில் வெள்ளைக்கழிச்சல் கண்டு நான்கு கோழி செத்தால், மிச்சத்தை அன்றே கூடையில் போட்டுச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். முதல் காப்பாற்றப்பட்டது என்று நினைப்பு. அந்தக் கூடையிலிருந்துதான் அடுத்த வாரம் பத்து ஊர்களுக்கு நோய் போகிறது. சுற்றி நம் ஊருக்கே திரும்பவும் வருகிறது. நோய் கண்ட வீட்டிலிருந்து ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது. செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். எட்டு வாரத்தில் போடுகிற தடுப்பூசியைக் கறிக்கு என்று ஒதுக்கிய சேவலுக்கும் போடுங்கள். 'விற்கப்போவதுதானே' என்று அதற்குப் போடாமல் விட்டால், நோய் முதலில் புகுவது அந்தக் கூண்டில்தான்.

அசில் வளர்க்கிறவர்களுக்குச் சண்டைக்காரர்கள் நல்ல விலை சொல்வார்கள். பிராணிகளை மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியிருக்கிறது. கத்தி கட்டிய காலில் சாவதற்கு விற்கிற சேவலை நல்லபடி விற்றதாக நான் சொல்லமாட்டேன்.

வயதான பெட்டை விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். முட்டை குறைந்துவிட்டது என்று கழிக்கும் முன், அது குஞ்சுகளை எப்படிக் காக்கிறது என்று பாருங்கள். பருந்தைக் கண்டதும் குரல் கொடுத்து இறக்கைக்குள் இழுத்துக்கொள்கிற தாய் நான்கு வயதிலும் கூலிக்கு மேல் வேலை செய்கிறது. அடையில் நிலைக்காததும், முட்டையைக் கொத்திக் குடிப்பதும் இளமையிலேயே போக வேண்டியவை.

விற்கிற நாளில் சேவல்களைக் கால் கட்டிச் சைக்கிள் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். சந்தை சேருவதற்குள் எடையும் இறங்கும், தொடையில் ரத்தமும் கட்டும். வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். காற்றுப் புகும் மூங்கில் கூடையில் நாலைந்தாக வைத்து, தண்ணீர் காட்டி, வெயில் ஏறுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். விற்காமல் திரும்பிவருகிற சேவலை உடனே மந்தையில் விடாமல் இரண்டு வாரம் தனியே வைத்திருங்கள்.