கல்வி உதவித்தொகை: கணினியின் பிழைக்கு மாணவர் பொறுப்பா?

அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த 1944ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது, பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தைத் திருத்தியமைத்தது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய். செலவில் ஒன்றிய அரசுக்கு 60 விழுக்காடு, மாநிலங்களுக்கு 40 விழுக்காடு. விண்ணப்பமும் சரிபார்ப்பும் இணையவழியில். ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக. இடையில் நிற்போர் பணத்தை விழுங்குவதைத் தடுக்கும் நோக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. கணினி பிழை செய்தால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி.

ஆதார்வழிப் பணம், அந்த எண்ணுடன் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்கே செல்லும். அக்கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிவிடும். சாதிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருந்தால் சரிபார்ப்பு தடைபடலாம். கைபேசி எண் மாறியிருந்தால் ஓ.டி.பி. வராது. வசதி படைத்தோருக்கு இவை சிறு தொல்லைகள். விவசாயக் கூலியின் மகளுக்கோ, இ-சேவை மையத்திற்கும் வங்கிக்கும் அலையும் ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒருவரின் கூலி இழப்பு. கட்டணம் கேட்கும் கல்லூரி அதுவரை காத்திருப்பதில்லை.

சட்டம் இவ்வளவு கைவிரிக்கவில்லை. ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் இவ்வுதவித்தொகை பெறுவோரே. அவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. இணையம் உரிமைக்கான வழி என்றால், அதன் கோளாறு உரிமையைப் பறிக்கும் காரணமாக முடியாது. பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 46ஆம் பிரிவும் அரசை நோக்கியே பேசுகிறது, மாணவரை நோக்கியன்று.

ஆகவே நாம் கோருவன நான்கு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணம் தமிழில், எழுத்துவடிவில் தரப்பட வேண்டும். பிழையைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் திருத்தும் பொறுப்பு ஓர் அதிகாரியிடம் இருக்க வேண்டும். இணையவழி அடைபட்டால் காகித விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். பணம் வந்துசேரும்வரை தேர்வு எழுதுவதையோ சான்றிதழ் பெறுவதையோ கல்லூரி தடுக்கக் கூடாது.

தேர்வுக் காலம் கடந்தபின் கணக்கில் ஏறும் பணம், படிப்பை நிறுத்திவிட்ட மாணவரை வகுப்பறைக்குத் திருப்பி அழைத்து வராது.