வெளியே சுட்டினால் கவிதை, உள்ளே சுட்டினால் காட்டிக்கொடுப்பா?

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு நாவல் வெளிவந்தால், பக்கங்கள் புரட்டப்படும் முன்பே ஊருக்குள் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: "இது ஆர்ர கத?" அந்தக் கதையில் ஒரு பெண் வாப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள் என்றாலோ, ஒரு வாலிபன் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம் கணக்குக் கேட்கிறான் என்றாலோ, கேள்வி அப்படியே தீர்ப்பாக மாறிவிடும். எழுதியவர் தன் சொந்தக் கோபத்தைத்தான் பாத்திரத்தின் வாயில் வைத்திருக்கிறார், நம்மட ஆக்களை அடுத்தவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பது அந்தத் தீர்ப்பு. புத்தகம் படிக்காதவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஆசிரியர்கள், மௌலவிமார், சட்டத்தரணிகள், கவியரங்குகளில் முன்வரிசையில் இருப்பவர்கள் என்று பலரும் சொல்கிறார்கள்.

நாவலில் வரும் கலகம் எழுத்தாளரின் வாக்குமூலம் என்ற இந்த நம்பிக்கை தவறு. அது தவறு என்பதற்கான சான்றுகள் இந்த அம்பாறைக் கரையின் இலக்கியத்திலேயே கிடக்கின்றன.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். நூலகத்தின் படிக்கட்டருகே புத்தரே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பதாக அதில் கற்பனை செய்தார். அரச அதிகாரத்துக்கு எதிராக ஈழத் தமிழில் எழுந்த மிகக் கூர்மையான குறியீடுகளில் அது ஒன்று. அம்பாறைக் கரையில் இலக்கியம் பேசும் எவரும் அந்தக் கவிதையைப் பெருமையோடு சொல்வார்கள். அதை எவரும் பௌத்த நிந்தனை என்று வாசித்ததில்லை. கொல்லப்பட்ட புத்தர், கொன்றவர்கள் தாம் காப்பதாகச் சொல்லிக்கொண்ட அறத்தின் உருவம் என்பது எல்லோருக்கும் உடனே விளங்கியது. உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' என்ற சிறுகதைக்கும் இதுதான் நடந்தது. அவரும் கல்முனைக்காரர். அதிகாரத்தை ஓர் அரசனாக்கி எழுதப்பட்ட அந்தக் கதையை வாசித்தவர்கள் எந்த நாட்டு அரசன், எந்த ஆண்டு என்று விசாரிக்கவில்லை. தாங்கள் அனுபவித்துக்கொண்டிருந்த அச்சத்தையே அதில் கண்டார்கள்.

குறியீட்டை வாசிக்கும் திறமை இந்தக் கரைக்கு நன்றாகவே உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது. விரல் கொழும்பை நோக்கி நீளும்போது அது குறியீடு, அதே விரல் நம் வீட்டை நோக்கித் திரும்பினால் வாக்குமூலம் என்று ஆகிவிடுகிறது. வாசிப்பின் விதி பாதி வழியில் மாறுகிறது. கண்டிக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

கலகக்காரரைக் கொண்டாடுவதும் இந்தச் சமூகத்துக்குப் புதிதல்ல. எகிப்தில் பிரித்தானியரையும் ஆட்சியாளரான கெதிவையும் எதிர்த்து எழுந்த ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டபோது, முஸ்லிம்கள் அவரைத் தலைவராக வரவேற்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1885இல், சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் ஒரு முஸ்லிம் சீர்திருத்தக்காரரின் கையால் பிறந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று வாதாடியதற்காகச் சொந்தச் சமூகத்தின் எதிர்ப்பையே சம்பாதித்தவர் அவர். நூறு ஆண்டு கழித்து, கொழும்புத் தலைமைகளின் நிழலில் கிழக்கு முஸ்லிம்கள் காலம் தள்ள முடியாது என்று தனிக்கட்சி தொடங்கிய எம்.எச்.எம். அஷ்ரஃப் ஒரு கலகக்காரர்தான், கவிஞரும்கூட. அவரது 'நான் எனும் நீ' தொகுப்பு 1999இல் வந்தது. கல்முனையில் இன்றும் அவர் பெயர் எப்படி உச்சரிக்கப்படுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரசியலில் அதிகாரத்தை எதிர்த்தவரைத் தலைவர் என்று கொண்டாடும் ஊர், கதையில் எதிர்க்கும் பெண்ணை மட்டும் துரோகி என்கிறது.

நாட்டார் பாடல்களையும் பாருங்கள். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்கள் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் 2013இல் நூலாயின. வயல்வெளியிலும் வாசல்படியிலும் பெண்கள் ஆசையையும் ஏக்கத்தையும் ஒளிவுமறைவின்றிப் பேசிய கவிகள் அவை. அவற்றை நம் பாரம்பரியச் சொத்து என்று மேடையில் பாடுகிறோம். அந்தக் கவிகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, ஆகவே குற்றவாளியும் இல்லை. அதே துணிவை ஒரு பெண் தன் பெயரைப் போட்டு எழுதினால்தான் விசாரணை தொடங்குகிறது.

ஏறாவூரைச் சேர்ந்த ஷர்மிளா ஸெய்யித்துக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2012 நவம்பரில் பிபிசி தமிழோசையில் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பற்றி ஒரு கருத்துச் சொன்னார். மிரட்டல்கள் வந்தன, ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. 2014இல் அவரது 'உம்மத்' நாவல் வந்தது. 2015இல் அவர் வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டுவிட்டதாகப் பொய்ச் செய்தி படங்களோடு சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டது. கருத்தோடு உடன்படாதவர்கள் இருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை இப்படிச் 'சாகடித்து'ப் பார்த்தது ஒரு சமூகம் வெட்கப்பட வேண்டிய செயல். அதன்பின் 'உம்மத்' பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நின்றது: தவக்குல் என்ற பாத்திரம் ஷர்மிளாதான்.

அப்படியானால் யோகா யார்? தெய்வானை யார்? அந்த நாவல் மூன்று பெண்களின் கதை. ஒருத்தி முஸ்லிம், மற்ற இருவரும் புலிகள் இயக்கத்திலிருந்து திரும்பி வந்த தமிழ்ப் பெண்கள். மதத்தின் பெயரால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்துக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாள். போருக்கு அனுப்பிய இயக்கம், திரும்பி வந்தபோது ஏற்க மறுத்த வீடும் ஊரும் ஆகியவற்றுக்கு முன்னால் மற்ற இருவரும் நிற்கிறார்கள். இந்த மூவரையும் 'உம்மத்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அமர்த்தியதுதான் நாவலின் பெரிய கலகக் குறியீடு. யார் யாருக்குச் சமூகம் என்ற கேள்வியை அது இன எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகிறது. தவக்குலை மட்டும் பிரித்தெடுத்து எழுத்தாளரின் முகத்தில் ஒட்டுகிறவர்கள் நாவலின் பெரும்பகுதியைப் படிக்காமலே மூடிவைத்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பு ஒரு வலுவான நியாயம் வைத்திருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் அளுத்கம 2014இல் எரிந்தது, திகன 2018இல் எரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், சாய்ந்தமருதில் ஏப்ரல் 26 இரவு வெடித்த குண்டுகளுக்குப் பின், அரபு எழுத்துள்ள புத்தகம் வீட்டில் இருப்பதற்கே மக்கள் பயந்தார்கள். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. இவ்வளவு அடி வாங்கும் ஒரு சமூகம் தன் குறைகளைத் தானே எழுதி எதிரியின் கையில் கொடுப்பதா என்று கேட்கிறார்கள். கேள்வியின் பின்னாலுள்ள வலி உண்மையானது.

ஆனால் 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற புரளி போதுமானதாக இருந்தது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் எந்தத் தமிழ் நாவலையும் வாசித்துவிட்டு வரவில்லை. வெறுப்புக்குப் புனைகதை தேவைப்படுவதில்லை, அது தன் கதையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நாவல்கள் அம்பலப்படுத்திவிட்டதாகச் சொல்லப்படும் விடயங்களும் இரகசியங்கள் அல்ல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்ற வாசலில் பெண்கள் படும் பாடு அரசாங்கக் கோப்புகளில் ஏறியபின், அதை ஒரு நாவலாசிரியர் எழுதினால் மட்டும் காட்டிக்கொடுப்பு என்பது எப்படிப் பொருந்தும்?

இதைவிடக் கவலை தரும் உண்மை வேறொன்று உண்டு. பாத்திரத்தின் குரலை எழுதியவரின் குற்றமாக வாசிக்கும் பழக்கத்தை அரசும் கைக்கொண்டது, அதற்குப் பலியானவர்களில் முஸ்லிம் கவிஞர் ஒருவரும் இருந்தார். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டிருந்தார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளை உள்ளடக்கிய நூல் தீவிரவாத நூலாக வாசிக்கப்பட்டது. 2021 டிசெம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது, 2023 டிசெம்பரில் விடுவிக்கப்பட்டார். அஹ்னாப் கைதாவதற்கு ஓராண்டு முன்னதாக, 2019 ஏப்ரலில், சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார பிக்குமாரின் முறைப்பாட்டில் ஒரு சிறுகதைக்காகச் சிறை சென்று நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். கதையில் வந்தது ஒரு விகாரை, வாசிக்கப்பட்டதோ முழுப் பௌத்தத்தின் அவமதிப்பாக.

அஹ்னாபுக்காக இந்தக் கரையிலும் குரல்கள் எழுந்தன. கவிதையை முழுமையாகப் படியுங்கள், பேசுகிறவன் யாரென்று பாருங்கள், ஒரு வரியைப் பிய்த்தெடுத்துக் குற்றப்பத்திரம் எழுதாதீர்கள் என்ற அந்த வாதம் முற்றிலும் சரியானது. பொலிஸ் நிலையத்தில் செல்லுபடியாகும் அந்த வாதம் ஊர் நூலகத்தில் மட்டும் செல்லாமல் போகக் காரணமே இல்லை.

இதே தவறின் மறுபக்கம் கொழும்பிலும் சென்னையிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கிறது. அங்குள்ள சில வாசகர்கள் முஸ்லிம் நாவலில் ஒரு பெண் முக்காட்டைக் கழற்றினால் மட்டுமே கலகம் நடந்ததாகக் கணக்கெடுக்கிறார்கள். அவர்களுக்கும் பாத்திரம் ஒரு வாக்குமூலம்தான், ஊர் கண்டிப்பதை அவர்கள் பாராட்டுகிறார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். இந்தக் கரையின் வாழ்க்கை அந்த அச்சுக்குள் அடங்காது. இப்சனின் நாடகத்தில் வரும் நோரா 1879இல் கணவனின் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறியது ஐரோப்பாவையே அதிரவைத்தது. அம்பாறைக் கரையிலோ தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாக வாழ்ந்தவர்கள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். இங்கே ஒரு நோரா வெளியேறினால் தன் சொந்த வீட்டைக் கணவனுக்கு விட்டுக்கொடுத்தவள் ஆகிவிடுவாள். அவளுடைய கலகம் வீட்டிலேயே இருந்துகொண்டு அவனைப் போகச் சொல்வதாக இருக்கலாம். வாப்பாவும் காக்காமாரும் உழைத்துக் கட்டிய வீடு பெண்ணின் பெயரில் இருந்தும் பேச்சு மட்டும் ஏன் ஆணுடையதாக இருக்கிறது என்று கேட்பதாகவும் இருக்கலாம். இந்த நுட்பம் தெரியாமல் முக்காட்டை மட்டும் தேடுகிறவருக்கு எங்கள் நாவல் கிடைக்காது.

அதிகாரமும் இங்கே ஒற்றை முகம் கொண்டதல்ல. சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆர்.எம். நௌஷாத்தின் 'கொல்வதெழுதுதல் 90' நாவல் 1990ஐ மையமாகக் கொண்டது. வகுப்பறையில் பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதும் பாடத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்த தலைப்பு அது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்ட ஆண்டு 1990. இராணுவம், இயக்கம், அரசியல்வாதி, ஊர்ப் பெரியவர் என்று பல திசைகளிலிருந்தும் கட்டளை வந்த காலம். யாருக்குக் கீழ்ப்படிந்தாலும் வேறு யாருக்கோ துரோகியாகும் நிலையில் இருந்தவர்களின் கலகத்தை 'மதத்துக்கு எதிர்' என்ற ஒரே பெட்டிக்குள் எப்படி அடைப்பது? பள்ளிவாசலே சில வேளை கலகம் செய்யும். தனி உள்ளூராட்சிச் சபை கேட்ட சாய்ந்தமருதில் 2018 உள்ளூராட்சித் தேர்தலின்போது ஜும்ஆப் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழு களமிறங்கி, பெரிய கட்சிகளைத் தன் ஊரில் மண்கவ்வ வைத்தது. அந்த மாதத்துக் கதையை எழுதும் நாவலாசிரியருக்குப் பள்ளிவாசல் எதிர்ப்பின் குறியீடு. இன்னொரு மாதத்துக் கதையில் அதே பள்ளிவாசலின் சபை ஒரு பெண்ணின் முறைப்பாட்டைக் கேட்க மறுக்கும் அதிகாரமாக வரலாம். இரண்டையும் எழுதுகிறவர் முரண்படவில்லை, ஊரைப் பார்க்கிறார்.

சமூகத்துக்கு வெளியே நின்று எழுதினால்தான் இப்படி எழுத முடியும் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாகும் முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி என்ற ஊர்ச் சர்வாதிகாரியையும் அவரை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதையும் முதலில் வாசித்தவர்கள் முஸ்லிம் இதழின் வாசகர்கள். எதிர்ப்பின் குறியீடாக மீரான் தேர்ந்தது பட்டதாரி இளைஞனை அல்ல, கடற்கரையில் சுறாப்பீலி விற்கும் ஒருவரை. அந்த நாவல் எந்தச் சமூகத்தையும் எதிரியிடம் ஒப்படைத்துவிடவில்லை. தேங்காய்ப்பட்டணத்தைத் தமிழ் வாசகர்களின் நெஞ்சில் நிரந்தரமாகக் குடியேற்றியது.

மருதமுனையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ அடுத்த நாவல் வெளியீட்டு விழா நடக்கும்போது மேடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தப் பாத்திரம் எந்த அதிகாரத்தை எதிர்க்கிறது? அந்த அதிகாரம் எங்கிருந்து பலம் பெறுகிறது? எதிர்த்தபின் அவளோடு நின்றவர் யார், விலகிப் போனவர் யார்? நாவல் அவளுக்கும் சேர்த்து என்ன கேள்வி வைத்திருக்கிறது? நுஃமானின் கவிதையை இந்தக் கரை இப்படித்தான் படித்தது. தவக்குலுக்கும் அந்த வாசிப்பில் உரிமை உண்டு, யோகாவுக்கும் தெய்வானைக்கும் உண்டு, இன்னும் எழுதப்படாத நாவலில் நம்பிக்கையாளர் சபையின் முன் எழுந்து நிற்கப்போகும் அந்தப் பெண்ணுக்கும் உண்டு.