அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்க அடி அண்ணாமலை தெருவுக்குள்ள ஏஜென்ட் கார் வந்துடும். "சீட் கன்ஃபார்ம் தம்பி, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடு." கிரிவலப் பாதையில பூ வித்து, டீ வித்துப் படிக்க வெச்ச அம்மா அப்பா நம்பிக் கொடுத்துடுறாங்க.

இழப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியலில் 7.5% இட ஒதுக்கீடு. 2021-ல் கழக அரசு கொண்டுவந்த சட்டம். அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால், தலைவர் கலைஞர் 2010-ல் தந்த கட்டணச் சலுகை இருக்கு.

இரண்டுமே கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான்! மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே இரண்டும் போச்சு. இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டான்.

நானும் இன்ஜினியரிங் முடிச்சவன். சாய்ஸ் லிஸ்ட்டை பிரவுசிங் சென்டர்காரர் கையில விட்டேன். அவர் போட்ட வரிசைக்கு நான் நாலு வருஷம் படிச்சேன். அதனால சொல்றேன்:

▪ பாஸ்வேர்டு, ஓடிபி யாருக்கும் தராதீங்க.

▪ லிஸ்ட்டை மேலிருந்து கீழேதான் பார்ப்பாங்க. உங்க ரேங்குக்குக் கிடைக்கிற முதல் சாய்ஸ்தான் உங்களுக்கு. ஆசைப்பட்டதை மேலே போட்டா நஷ்டம் இல்ல. பிடிக்காததை மேலே போட்டாதான் ஆபத்து.

▪ ஏசி பஸ், பெரிய ஆர்ச் பார்க்காதீங்க. அண்ணா பல்கலை வெளியிடும் தேர்ச்சி சதவீதத்தைப் பாருங்க. ஆரணியிலேயே அண்ணா பல்கலையின் உறுப்புக் கல்லூரி இருக்கே, அதை ஏன் லிஸ்ட்டில் விடணும்?

▪ ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடிச்சு வெச்சுக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை கிடையாது. 2018-லேயே யுஜிசி சொல்லிட்டது.

இன்ஜினியரிங் பிடிக்கலையா? கட்டாயம் இல்ல. திருவண்ணாமலையிலேயே கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி இருக்கு.

நுழைவுத் தேர்வை ஒழிச்சது கிராமத்துப் பிள்ளையும் உள்ளே வரணும்னுதான். திறந்த கதவை ஏஜென்ட் மூட விடலாமா?

உடன்பிறப்பே, ஒரு வேலை செய்யுங்க. உங்க தெருவில் பிளஸ் டூ முடிச்ச ஒரு பிள்ளை வீட்டுக்கு இன்னிக்கே போங்க. கூட உட்கார்ந்து லிஸ்ட்டைப் போட்டுக் கொடுங்க. நூறு ஷேரைவிட அதுதான் கழகப் பணி.

#கவுன்சிலிங்கே_நம்_உரிமை