யாருக்கு உகந்தது?

2025 டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாளில் இண்டிகோ நிறுவனத்தின் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமான நிலையங்களில் சிக்கித் தவித்தனர். விமானிகளின் ஓய்வு குறித்த புதிய விதிகள் கடுமையானவை, அவற்றால்தான் இந்த நிலை என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அடுத்த மாதம் வெளியான விசாரணை முடிவு வேறொன்றைச் சொன்னது. இயக்கத்தை அளவு மீறி உகப்பாக்கியதே முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்றது அது. பணியாளர், விமானம், வழித்தடம் என மூன்றையும் இயன்ற மட்டும் பயன்படுத்துவதிலேயே கவனம் குவிந்ததால், பணிப்பட்டியலில் இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கிப்போனது என்பது அதன் சாரம். நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

'அளவு மீறிய உகப்பாக்கம்' என்னும் தொடர் கணிதம் பயின்றவருக்கு முரணாகவே ஒலிக்கும். உகந்த தீர்வு என்பது அதனினும் மேலான தீர்வு இல்லை என்று நிறுவப்பட்ட தீர்வு. அதில் அளவு மீறுவது எப்படி? முரண் கணிதத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லிலிருந்து ஓர் உறுப்பு வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் 'உகந்தது' என்று மட்டும் சொன்னால் பொருள் நிறைவதில்லை. குழந்தைக்கு உகந்த உணவு, நெல்லுக்கு உகந்த மண், இறைவனுக்கு உகந்த மலர் என்று ஒரு நான்காம் வேற்றுமையை அந்தச் சொல் கேட்டு நிற்கும். நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாகத் தகவை நன்னூல் கூறுவதும் இதனாலேயே: தகவு என்றால் ஒன்றற்கு ஒன்று தகுதல். அந்தக் 'கு' உருபைக் களைந்துவிட்டு, 'இதுவே உகந்த பணிப்பட்டியல்' என்று கணினி அச்சிட்டுத் தரும்போது, யாருக்கு என்னும் கேள்வியும் உருபோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. செயல்முறை ஆய்வு என்னும் துறை இன்று விடை சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.

இந்தத் துறையின் பிறப்பில் குற்றம் ஏதுமில்லை. 1938இல் லெனின்கிராடின் ஒட்டுப்பலகை ஆலைகள், எந்த எந்திரத்துக்கு எந்த மூலப்பொருளை எவ்வளவு தருவது என்ற சிக்கலை லியோனிட் கண்டரோவிச்சிடம் கொண்டுவந்தன. நேரியல் திட்டமிடலின் முதல் விதை அங்கு விழுந்தது. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டறிந்தார். 1961இல் கில்மோரும் கோமரியும் வெட்டுதல் சிக்கலுக்கு வழி கண்டனர்.

அந்தச் சிக்கல் எளிதாகவே தொடங்கும். ஆலையில் நூறு அங்குல அகலக் காகிதச் சுருள் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் 60 அங்குலத்திலும் 35 அங்குலத்திலும் துண்டுகள் கேட்கின்றனர். ஒரு சுருளில் இரண்டிலும் ஒவ்வொன்று வெட்டினால் 5 அங்குலம் கழிவு. 35இல் இரண்டு வெட்டினால் 30 அங்குலம் கழிவு. அகலங்கள் நாற்பது, ஐம்பது என்று பெருகினால் வெட்டும் வகைகள் கோடிக்கணக்கில் விரியும். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. கில்மோரும் கோமரியும் எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை என்றனர். கையில் உள்ள சில வகைகளைக் கொண்டு ஒரு தீர்வு காண்; அந்தத் தீர்வு ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு நிழல்விலையைத் தரும்; அந்த விலைகளின்படி ஒரு சுருளின் விலையைவிடக் கூடுதல் மதிப்புத் தரும் புதிய வகை உண்டா என்று தேடு; உண்டானால் சேர், இல்லையானால் நிறுத்து. நிரல் உருவாக்கம் எனப்படும் இம்முறையின் அழகை யாரும் மறுக்க இயலாது. குறைவது கழிவுக் காகிதம். பயன் ஆலைக்கு மட்டுமன்றிக் காட்டுக்கும் உண்டு. இங்கே 'யாருக்கு' என்று கேட்காவிட்டாலும் பெரும் கேடில்லை.

இதே முறைதான் பின்னர் விமானிகளின் பணிப்பட்டியலுக்கும் வந்து சேர்ந்தது. காகிதத்தை வெட்டும் வகை இருந்த இடத்தில் ஒரு பணித்தொடர் அமர்ந்தது: ஒரு விமானி தம் தளத்திலிருந்து புறப்பட்டு, சில விமானங்களை ஓட்டி, வெளியூரில் தங்கி, மீண்டும் தளத்துக்குத் திரும்பும் வரிசை. ஒவ்வொரு விமானமும் ஏதேனும் ஒரு பணித்தொடரில் அடங்க வேண்டும். மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். சமன்பாட்டின் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் காகிதச் சுருளில் மிஞ்சும் ஐந்து அங்குலம் கழிவு. விமானியின் நாளில் மிஞ்சும் ஐந்து மணி நேரம் உறக்கம். செலவை மட்டும் கூட்டும் குறிக்கோள் சார்புக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டையும் ஒரே முனைப்போடு அது வெட்டும்.

உறக்கத்தைக் காக்கும் பொறுப்பு குறிக்கோளுக்கு இல்லை, கட்டுப்பாடுகளுக்கு உண்டு என்பது துறையினரின் வழக்கமான விடை. சட்டம் கோரும் ஓய்வு சமன்பாட்டில் கட்டுப்பாடாக எழுதப்பட்டிருக்கிறது, பிறகென்ன குறை என்பார்கள். அந்த விடை எவ்வளவு தாங்கும் என்பதை டிசம்பர் காட்டிவிட்டது. டிஜிசிஏ 2024 ஜனவரியில் அறிவித்த விதிகள், வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவின் எல்லையைக் காலை 6 மணி வரை நீட்டின. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. முதற்கட்டம் 2025 ஜூலையிலும் இரண்டாம் கட்டம் நவம்பர் 1இலும் நடைமுறைக்கு வந்தன. அறிவிப்புக்கும் முழு நடைமுறைக்கும் இடையே ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள். புதிய எண்களைப் பழைய மாதிரியில் இட்டு ஒருமுறை ஓடவிட்டிருந்தால், கூடுதலாக எத்தனை விமானிகள் தேவை என்பதை அதே மென்பொருள் சொல்லியிருக்கும். செயல்முறை ஆய்வு மிக நன்றாகச் செய்யும் வேலைகளுள் அதுவும் ஒன்று.

நெருக்கடி வந்தபோது எது நெகிழ்ந்தது என்பதே கவனத்துக்குரியது. டிசம்பர் 5 அன்று, வார ஓய்வுக்கு ஈடாக விடுப்பைக் கணக்கிடக் கூடாது என்ற ஆணை திரும்பப் பெறப்பட்டது. இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. தவித்து நின்ற பயணிகளுக்கு அன்று வேறு வழி இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், மாறாதது என்று பாடநூல் சொல்லும் கட்டுப்பாடு மாறியது. மாற்றத்தக்கது என்று பாடநூல் சொல்லும் குறிக்கோள் அசையவில்லை. விமானியின் உடல் ஈடுகட்டியது.

இதற்குக் கணிதமே காரணம் என்பாரும் உளர். அதுவும் சரியன்று. பணிப்பட்டியலைக் கையால் எழுதினால் நீதி தானாக வந்துவிடாது. மேலாளரின் விருப்பு வெறுப்பே அங்குக் குறிக்கோள் சார்பாகும். நிச்சயமின்மையைக் கணக்கில் கொள்ளும் உறுதிப்பாட்டு உகப்பாக்கம் புதிதும் அன்று. 1973இல் சாய்ஸ்டரும் 2004இல் பெர்ட்சிமாசும் சிம்மும் அதற்கான கருவிகளைத் தந்துள்ளனர். மூடுபனி வரும், விமானி காய்ச்சலில் படுப்பார், முந்தைய விமானம் இரண்டு மணி நேரம் பிந்தும் என்பவற்றை எல்லாம் மாதிரிக்குள் கொண்டுவர இயலும். அதற்கு ஒரு விலை உண்டு. பெர்ட்சிமாசும் சிம்மும் தம் கட்டுரையின் தலைப்பிலேயே அதை உறுதிப்பாட்டின் விலை என்று குறித்தனர். எல்லாம் நேரப்படி நடக்கும் என்று கொள்ளும் மாதிரியிலோ, இருப்பில் நிற்கும் விமானி வெறும் செலவு. அவரை நீக்குவதே அந்த மாதிரிக்குச் சிறப்பு. விலையைத் தர மறுத்தவர்கள் மனிதர்கள். கணிதத்தின் மீது பழி போடுவது அவர்களைத் தப்பவிடுவதாகும்.

ஆய்வுலகமும் தப்ப இயலாது. பணிப்பட்டியல் பற்றிய கட்டுரைகளின் முடிவுரைகள் செலவு எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பெருமிதத்துடன் சொல்லும். யாருடைய உறக்கம் எத்தனை மணி நேரம் குறைந்தது என்று சொல்லும் முடிவுரை அரிது. சோர்வு எங்கேனும் தலைகாட்டினால், அது 'மென்கட்டுப்பாடு' என்ற பெயரில், மீறினால் சிறு அபராதம் என்ற அளவில் நுழையும். அந்த அபராதத்தின் எடை ஒன்றா நூறா என்பதை யார் முடிவு செய்தார், எதன் அடிப்படையில் முடிவு செய்தார் என்பது பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துபோகும். அந்த ஒரு வரியில்தான் அரசியல் முழுவதும் இருக்கிறது.

இந்தியாவுக்கு வேறொரு மரபும் உண்டு. 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு பி. சி. மகலனோபிஸ் செயல்முறை ஆய்வின் வழியில் மாதிரி அமைத்தபோது, ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருமான வளர்ச்சியோடு 1.1 கோடிப் பேருக்கு வேலை என்பதையும் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்தார். முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு மூலதனப் பொருள்களுக்கு என்ற முடிவையும் மறைக்கவில்லை. எல்லாம் 'சங்க்யா' இதழில் அச்சேறியது. அச்சேறியதாலேயே, 1959இல் ஜப்பானியப் பொருளியலாளர் ரியூதாரோ கோமியா, அந்தப் பங்கீடு உகந்ததன்று, அதே முதலீட்டில் அதனினும் மேலானது உண்டு என்று நேரியல் திட்டமிடலைக் கொண்டே காட்ட முடிந்தது. மகலனோபிஸின் மாதிரி பிழையுடையதாக இருக்கலாம். ஆனால் அது திறந்திருந்தது. ஆகவே பிழை என்று சொல்ல இடமிருந்தது.

இன்றைய விமானியின் பணிப்பட்டியலோ ரயில் ஓட்டுநரின் பணிப்பட்டியலோ உணவு கொண்டுசெல்பவரின் வழித்தடமோ எந்த எடைகளைக் கொண்டு கணிக்கப்படுகிறது என்பது அதை ஏற்று வாழ்பவருக்குத் தெரியாது. 'சிஸ்டம் போட்டது' என்ற விடையோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அந்த விடைக்கு மேல்முறையீடு இல்லை.

ஆகவே கோரிக்கை எளியது. உயிரோடும் உறக்கத்தோடும் தொடர்புடைய எந்தப் பணிப்பட்டியல் மாதிரியும் மூன்றை வெளியிட வேண்டும்: எதைக் குறைக்க முயல்கிறது, எந்த மீறலுக்கு என்ன எடை தருகிறது, எதிர்பாராதவற்றுக்காக எவ்வளவு இருப்பு வைத்திருக்கிறது. நிறுவனத்தின் மென்பொருள் இரகசியத்துக்கு இதனால் ஊறு நேராது. தீர்க்கும் முறையை அல்ல, தீர்க்கப்படும் கேள்வியைத்தான் இது கேட்கிறது. எடைகளை முடிவு செய்யும் மேசையில் அந்தப் பட்டியலின்படி உழைப்பவர்களின் சங்கத்துக்கு ஓர் இருக்கை வேண்டும். விதி மாறும்போது புதிய விதியின்படி மாதிரியை ஓட்டி, தேவைப்படும் ஆள்எண்ணிக்கையை ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன்கூட்டியே அளிப்பது கட்டாயமாக வேண்டும். அப்படி அளித்திருந்தால் டிசம்பரில் நடந்தது ஜூலையிலேயே தாளில் தெரிந்திருக்கும்.

இனி எந்த அறிக்கையிலேனும் 'உகந்த திட்டம்' என்ற சொல் வந்தால், வாசிப்பவர் அதற்கு முன்னால் விடுபட்டிருக்கும் நான்காம் வேற்றுமையைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதியவர் அதை நிரப்ப மறுத்தால், அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பப் போதிய காரணம் அதுவே.