பெயர் வைக்கும் சபையில் நமக்கும் ஓர் இருக்கை

 

‘ஹலால்’ என்னும் சொல் யாருக்குச் சொந்தம்? இறைச்சிக் கடைப் பலகையில் அச்சொல்லைக் கண்டால், அதை எழுதியவர் யார், அறுத்தவர் யார் என்று விசாரிக்கிறோம். ஓர் இணைய முகவரியின் இறுதியில் அதே சொல் அமைந்தால் அதை வழங்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்று நம்மில் எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி உலக அரங்கில் எழுப்பப்பட்டு, ஆறாண்டுகள் வழக்காடப்பட்டு, ஒரு முடிவும் எட்டப்பட்டுவிட்டது.

இணைய முகவரிகளின் இறுதியில் ‘காம்’, ‘ஆர்க்’ என வருவனவற்றை மேல்நிலைப் பெயர்கள் என்பர். எந்தப் பெயரை யாருக்கு வழங்குவது என்பதற்கான விதிகளை, 1998-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிறுவப்பட்ட ஐக்கான் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு வகுத்து வருகிறது. புதிய பெயர்களுக்கு அது 2012-இல் விண்ணப்பம் கோரியபோது, துருக்கியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ‘டாட் இஸ்லாம்’, ‘டாட் ஹலால்’ ஆகிய இரண்டையும் கேட்டது. ஐக்கிய அரபு அமீரகம் சமூகத்தின் பெயரால் ஆட்சேபம் தெரிவித்தது. அதை விசாரித்த நடுநிலை நிபுணர் 2013-இல் அதைத் தள்ளுபடி செய்தார். அவர் கூறிய காரணங்களுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது: சமூகத்திலிருந்து கணிசமான எதிர்ப்பு இருப்பதாக நிறுவப்படவில்லை என்பதே அது.

அதன் பின்னரே 57 நாடுகளை உறுப்பினராகக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு தன் எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்தது. விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அப்படி நிறுத்திவைத்தது ஐக்கானின் சொந்த விதிகளுக்கு முரணானது என்று 2017-இல் ஒரு நடுவர் குழு தீர்ப்பளித்தது. இறுதியாக 2018 அக்டோபரில் அவ்விரு விண்ணப்பங்களும் மேற்கொண்டு செல்லா என ஐக்கான் நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

விண்ணப்பித்த நிறுவனத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களை ஆதரித்த முஸ்லிம் அமைப்புகளும் இருந்தன. இதில் இரு தரப்பிலும் நியாயம் பேச இடமுண்டு. நான் கேட்பது வேறு. அரசுகள் பேசின, நிறுவனம் பேசியது, வழக்கறிஞர்கள் பேசினர். ஒவ்வொரு நாளும் ஹலால் எது, ஹராம் எது என்று பார்த்துப் பார்த்து உண்ணும் சாமானியக் குடும்பங்களின் குரல் எங்கே இருந்தது?

கதவு அடைக்கப்பட்டிருந்ததால் அக்குரல் ஒலிக்காமற் போனது என்று சொல்ல இயலாது. ஐக்கானின் கொள்கை வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படுகின்றன. வழக்கமாகக் குறைந்தது 40 நாட்கள் அவகாசம் தரப்படுகிறது. எவரும் எழுதலாம், கட்டணம் இல்லை. விதிகளை வரையும் பணிக்குழுக்களிலும் தன்னார்வலர்களுக்கு இடமுண்டு. சாதாரண இணையப் பயனாளர்களின் நலனைப் பேசுவதற்கென்றே 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அதன்கீழ் ஆசிய, பசிபிக் பகுதிக்கெனத் தனிக் கிளையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் 2006 முதல் ஆண்டுதோறும் கூடும் இணைய ஆளுகை மன்றமும் அனைவருக்கும் திறந்ததே. அம்மன்றம் 2008 டிசம்பரில் நம் அண்டை நகரான ஹைதராபாத்திலேயே கூடியது.

தன்னார்வலர்களால் என்ன செய்ய இயலும் என்று ஐயுறுவோருக்கு அரபு எழுத்தின் வரலாற்றையே சான்றாகக் காட்டுவேன். நெடுங்காலம் இணைய முகவரிகளில் ஆங்கில எழுத்துகள் 26, எண்கள் 10, ஒரு சிறு கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமிருந்தது. 2010 மே மாதத்தில்தான் பிற எழுத்துகளாலான நாட்டுப் பெயர்கள் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. எகிப்து, சவூதி அரேபியா, அமீரகம் ஆகிய மூன்றின் பெயர்களும் அரபு எழுத்திலேயே அமைந்தன.

அத்துடன் ஒரு சிக்கலும் வந்தது. ‘கிதாப்’ என்னும் சொல்லை அரபு விசைப்பலகையில் எழுதினாலும் உருது விசைப்பலகையில் எழுதினாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அதன் முதலெழுத்தாகிய ‘காஃப்’, கணினிக்கு இரண்டு வெவ்வேறு எழுத்து. ஒரே தோற்றமுடைய இரு பெயர்கள் இருவேறு மனிதர்கள் கையில் அகப்பட்டால், மோசடிக்காரனுக்கு வாசல் திறந்துவிட்டதாகவே பொருள். அரபு நாடுகள், ஈரான், பாகிஸ்தான் முதலிய பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஒரு குழுவாகக் கூடி, அரபு எழுத்தைப் பயன்படுத்தும் மொழிகளை ஆராய்ந்து, எழுத்து எழுத்தாகச் சீர்தூக்கி, 2015-இல் மேல்நிலைப் பெயர்களுக்கான விதிகளை அளித்தனர்.

தமிழுக்கும் இது பொருந்தும். ‘ஔ’ என்பது கணினிக்கு ஓரெழுத்து. ‘ஒள’ என்பது ஈரெழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தமிழ் உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளை ஆராய்ந்த குழுவும் தன்னார்வலர்களால் ஆனதே. தமிழுக்கான அதன் பரிந்துரை 2019-இல் நிறைவுற்றது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அரபுத்தமிழை வளர்த்தெடுத்தவர்கள் நம் முன்னோர். எழுத்தைப் பற்றி அமர்ந்து ஆலோசிப்பது அவர்களின் சந்ததிக்கு அந்நியமான பணியா?

“இவையெல்லாம் துன்யாவுடைய காரியங்கள், பெரும்பாலும் முஸ்லிமல்லாதோர் கூடும் சபைகள், நமக்கு அங்கென்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். மக்காவுக்கு வந்த யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார் குறைஷிப் பிரமுகர் ஒருவர். அந்த அநீதியைக் கண்டு, அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணைநிற்போம் என உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். நபித்துவத்திற்கு முன் அதில் கலந்துகொண்ட நம் தலைவர் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்று கூறியதாக ஸீரா நூல்கள் பதிவு செய்கின்றன. சந்தையில் நீதி நிலவ வேண்டும் என்பதற்காகப் பிறரோடு அமர்வது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. இணையம் நம் காலத்தின் சந்தை.

திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘ஷூரா’. அதில் நம்பிக்கையாளர்களின் பண்புகள் வரிசைப்படுத்தப்படும்போது, தொழுகைக்கும் தான தர்மத்துக்கும் நடுவில் கலந்தாலோசனை இடம்பெறுகிறது. ஆலோசனை சபைக்கு வராமலே இருந்துவிட்டு, முடிவு வந்தபின் வாட்ஸ்அப்பில் கொதிப்பது ஷூராவின் ஒழுக்கம் ஆகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவாகக் கணக்கிடுகிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு விவாதங்களிலேயே திரள்கிறார்களே என்றும் வருந்துகிறார்கள். நான் இங்கு ஃபத்வா கூறவில்லை. ஆயினும் அந்த வருத்தத்தின் நியாயம் நமக்கும் பொருந்துகிறது. நம் ஊர்களில் மென்பொருள் பணியாளர்கள் பலர் இருக்கின்றனர். இணைய விதிகளை வகுக்கும் அவையில் அமர்வோர் எத்தனை பேர்?

இடையூறுகளை மறைக்கக் கூடாது. ஐக்கான் தன் ஆவணங்களை ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் மொழிபெயர்க்கிறது. அரபு அதில் உண்டு, தமிழ் இல்லை. பணிக்குழுக்களில் அமர்வோர் பலர், நிறுவனங்கள் ஊதியம் கொடுத்து அனுப்பியவர்கள். வீட்டு வேலையையும் அலுவலையும் முடித்துவிட்டு வரும் தன்னார்வலர் அவர்களுக்கு ஈடுகொடுப்பது எளிதன்று. ஆனால் அவர்கள் மட்டுமே அங்கு அமர்ந்திருந்தால் விதி யாருக்குச் சாதகமாக அமையும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கூட்டங்களில் பெரும்பாலானவை இணையவழியே நடக்கின்றன; கட்டணமில்லாப் பயிற்சி வகுப்புகளும் உள்ளன. பொறியியலோ சட்டமோ படித்துவிட்டு, குழந்தைகளுக்காக வேலையை விட்டு வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளுக்கு இது பொருத்தமான பணி. வாரத்திற்கு இரண்டு மணி நேரம் போதும். வெளியூர் செல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த இருவரைத் தேர்ந்து, ஆண்டுக்கு ஒரு வரைவையாவது படிக்கச் செய்யட்டும். நமக்கும் அண்டை அயலாருக்கும் அதனால் என்ன விளையும் என்று தமிழில் எடுத்துரைக்கச் செய்யட்டும். பின்னர் ஒரு பக்கக் கருத்தை நாகரிகமான மொழியில் எழுதி அனுப்பட்டும். கோபம் வேண்டாம்; ஆதாரம் வேண்டும்.

புதிய பெயர்களுக்கான அடுத்த சுற்று 2026-இல் என அறிவிக்கப்பட்டுள்ளது. நாம் புனிதமாகக் கருதும் சொற்கள் மீண்டும் விண்ணப்பங்களில் இடம்பெறக்கூடும். அப்போதும் ‘சமூகத்திலிருந்து எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை’ என்று எவரேனும் எழுதினால், அந்த வரிக்கு நம் மௌனமே காரணமாயிருக்கும்.

உண்மையின் பக்கம் நின்று, நீதத்துடன் பேசும் நாவையும், அதற்குரிய பொறுமையையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.