ஏறியவன் பட்ட கடன்

1953-ஆம் ஆண்டு மே திங்கள் 29-ஆம் நாள், தோழனே, உலகத்தின் உச்சந்தலையிலே இரண்டு மனிதர் நின்றனர். ஒருவர் நியூசிலாந்து நாட்டிலே தேனீ வளர்த்துப் பிழைத்தவர். எட்மண்ட் ஹில்லாரி என்பது பெயர். மற்றவர் மலைமடியிலே வளர்ந்தவர், டென்சிங் நார்கே. இருவரையும் பிணைத்தது ஒரே கயிறு. இருவர் உயிரும் ஊசலாடியது ஒரே பனிமுகட்டில். மேலே பேதமில்லை. கீழே இறங்கினர், பேதம் மாலையோடு வந்து வரவேற்றது! ஹில்லாரிக்குச் 'சர்' பட்டம். படையை நடத்திய ஹண்ட்டுக்கும் 'சர்' பட்டம். டென்சிங்குக்கோ ஒரு பதக்கம்!

ஏறுவதற்கு முன்பே அந்தப் பேதத்தின் முகத்தைக் காட்மாண்டு நகரம் கண்டிருந்தது. பிரிட்டிஷ் தூதரகத்திலே வெள்ளையர்க்கு அறைகள். ஷெர்ப்பாக்களுக்கு வண்டிக் கொட்டகையின் தரை. கழிப்பிடமும் இல்லை. பொழுது புலர்ந்தது. கொட்டகையில் படுத்தெழுந்தவர்கள் அதன் முன்னிருந்த பாதையிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். பண்பற்ற செயல் என்று முகஞ்சுளித்தோர் உண்டு. பண்பற்றது எது? பாதையிலே செய்த எதிர்ப்பா, கொட்டகையிலே செய்த உபசாரமா? நீயே தீர்ப்புக் கூறு.

அந்தப் படையின் மூட்டைகளை மலையடிவாரம் வரை முதுகிலே சுமந்து சென்றவர்கள் 350 பேருக்கும் மேல். நெற்றியிலே வார், முதுகிலே கூடை, காலடியிலே கல்லும் பனியும். உச்சியை எட்டிய இரண்டு பெயர்கள் உலகத்துக்குத் தெரியும். அந்த 350 பேரின் பெயர்களை எந்தப் பள்ளிப் பிள்ளையும் மனப்பாடம் செய்ததில்லை.

பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. நம் தோழர் ஒருவரின் மகன், சென்னையிலே கணிப்பொறி நிறுவனமொன்றில் பணிபுரிபவன், ஒரு துண்டறிக்கை அனுப்பியிருக்கிறான். அவனும் நண்பர்கள் பன்னிருவரும் எவரெஸ்ட்டின் அடிவார முகாமுக்கு, 5,364 மீட்டர் உயரத்துக்கு, நடக்கப் போகிறார்களாம். நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாம் இவ்வளவு ரூபாய் என்று நிதி தரவேண்டுமாம். திரளும் தொகை அந்த மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றின் மருத்துவ நிலையத்துக்காம். படிப்பகத்திலே அதைப் படித்த தோழர்களிடையே வாதம் மூண்டது. "வசதி படைத்த பிள்ளைகளின் வாரவிடுமுறை விளையாட்டு, அதற்கு அறத்தின் பெயரால் அரிதாரம்" என்றார் ஒருவர். "இரங்கும் இளைஞனை ஏளனம் செய்யாதீர், இரங்காதவர்கள் நாட்டிலே ஏராளம்" என்றார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே அதைக் கொடை என்று வைத்துக்கொண்டு வழக்காடினர். கொடை அன்று தோழனே, அது கடன். மலையேறியவன் மலைவாழ் மக்களுக்குப் பட்ட கடன். இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், அந்த உச்சியிலே நின்ற ஹில்லாரிதான்.

பல்கலைக்கழகத்திலே இரண்டாண்டு இருந்துவிட்டுப் பட்டம் பெறாமலே வெளியேறியவர் அவர். (அடியேனுக்கும் அவருக்கும் ஒற்றுமை அதோடு முடிந்தது, மூன்று மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.) உச்சியைத் தொட்டபின் உலகெங்கும் விருந்துண்டு, நினைவுகளை விற்று வாழ்ந்திருக்கலாம். அவர் என்ன செய்தார்? தம் சுமையைச் சுமந்த மக்கள் வாழும் கும்பு பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போனார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். கேட்டார் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள். அவர்கள் பொன் கேட்கவில்லை, போர்வை கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டனர். 1961-இல் கும்ஜூங்கிலே பள்ளி எழுந்தது. 1966-இல் அதன் பக்கத்து ஊரான குந்தேயிலே, 3,840 மீட்டர் உயரத்திலே, மருத்துவமனை எழுந்தது.

இடையிலே 1964-இல் லுக்லாவிலே விமானத்தளம் ஒன்று அமைத்தார்கள். கட்டுமானப் பொருள்களை நாள்கணக்கில் முதுகில் சுமந்து வர வேண்டியிருந்த துன்பம் அதற்குக் காரணம். மண்ணை இறுக்க உருளை இயந்திரம் ஏது அங்கே? ஷெர்ப்பாக்கள் வரிசையாய்க் கைகோத்து ஆடினர்; ஆட்டத்தின் மிதியிலே மண் இறுகியது! நாடகக்காரன் என்பதால் சொல்கிறேன், ஆடிய கால்கள் இத்தனை பயன் தந்த மேடையை நான் கண்டதில்லை. ஆனால் மருத்துவமனைக்காக வந்த அந்தத் தளத்தின் வழியேதான் பின்னாளில் உல்லாசப் பயணியர் கூட்டமும் வந்தது. காடு வெட்டுண்டது, குப்பை குவிந்தது. ஹில்லாரியே அதுகுறித்து வருந்தினார். நல்லெண்ணம் திறந்த கதவு நல்லவர்க்கு மட்டும் திறப்பதில்லை.

குந்தேக்கு வந்த டாக்டர்கள் அந்த வட்டாரத்திலே கண்டது என்ன தெரியுமா? ஆணின் கழுத்திலே கட்டி. பெண்ணின் கழுத்திலே கட்டி. முன்கழுத்துக் கழலை! அதனினும் கொடுமை, காதும் கேளாமல், வாயும் பேசாமல், அறிவும் உடலும் வளராமல் பிறந்த குழந்தைகள். முற்பிறப்பின் வினை என்பார் வாய்கள் எந்த நாட்டிலும் உண்டு, அங்கும் இருந்திருக்கும். வினையுமில்லை, விதியுமில்லை, அயோடின் இல்லை! மழையும் பனியும் ஆண்டாண்டுக் காலமாக மலைமண்ணைக் கழுவிக் கழுவி, அதிலிருந்த அயோடினைக் கடலுக்குக் கொண்டு போய்விட்டன. மண்ணிலே இல்லாதது கிழங்கிலே ஏது? திபெத்திலிருந்து வந்த உப்பிலும் போதிய அளவு இல்லை. கருவுற்ற தாய்க்கு அது கிட்டாமற்போனால், கருவிலிருக்கும் சிசுவின் மூளை முழுதாக வளர்வதில்லை. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபதாண்டு வாழ்க்கைக்கும் சேர்த்துக் கூட்டிப் பார், நான்கு கிராம் தேறாது! ஒரு தேக்கரண்டி அளவு பொருள் இல்லாமையால் ஒரு தலைமுறையின் நாவே கட்டுண்டு கிடந்தது.

அயோடின் கலந்த எண்ணெயை ஊசிவழி செலுத்தினர். ஓர் ஊசி சில ஆண்டுகளுக்குக் காக்கும். கழலைகள் சுருங்கின, அந்தக் குறையோடு குழந்தைகள் பிறப்பது அருகியது. 1973-இல் நேபாள அரசே கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கி, அயோடின் கலந்த உப்பை மலைவட்டாரங்களுக்கு அனுப்பலாயிற்று. எவரெஸ்ட்டிலே நட்ட கொடியைக் காற்று கிழித்திருக்கும். இந்த ஊசியின் பயனோ பிள்ளைகளின் பேச்சிலே கேட்கிறது. படம் பிடிக்க அதிலே காட்சி இல்லை; துண்டறிக்கையின் அட்டைக்கு அது பொருந்தாது. அதனால்தான் அதைப்பற்றி இவ்வளவு விரித்தேன்.

ஊசியை ஒருமுறை போட்டுவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? மருந்தின் வலு தீர்ந்த ஆண்டிலே கழலை திரும்பியிருக்கும். குந்தே நிலைத்தது, ஆள் இருந்ததால். வெளிநாட்டு டாக்டர்கள் இரண்டிரண்டு ஆண்டாக முறைவைத்துத் தங்கினர். உள்ளூரார் பயிற்சி பெற்றனர். கும்ஜூங் பள்ளியிலே படித்த காமி தெம்பா என்ற ஷெர்ப்பா இளைஞர் அந்த மருத்துவமனையிலே உதவியாளராய்ச் சேர்ந்தார். பின்னர் பிஜித் தீவுக்குச் சென்று மருத்துவம் பயின்றார். அதே மருத்துவமனைக்கு டாக்டராகத் திரும்பினார். சுமை தூக்கிய இனத்தான் கையிலே நாடி பிடிக்கும் உரிமை! ஹில்லாரி கட்டிய கட்டடங்களிலெல்லாம் பெரியது இதுவென்பேன்.

கடனை அடைப்பது எளிதாகவும் இல்லை அவருக்கு. 1975 மார்ச் 31. காட்மாண்டுவிலிருந்து கிளம்பிய சிறு விமானம் தரையில் மோதி நொறுங்கியது. அதிலே அவருடைய மனைவி லூயி, மகள் பெலிண்டா. ஹில்லாரி பாப்லுவிலே மற்றொரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச்சேரப் புறப்பட்ட பயணம் அது. உடைந்துபோனார் மனிதர். ஆயினும் பாப்லு மருத்துவமனை அரைகுறையாய் நின்றுவிடவில்லை. 2008-இல் சாகும்வரை அந்த மக்களுக்காக ஊர் ஊராய்ப் பேசி நிதி திரட்டினார்.

இனித் துண்டறிக்கைக்கு வருவோம். அதை இருமுறை படித்தேன். விமானக் கட்டணம் எவ்வளவு, தங்கும் விடுதி எது, குளிருக்கு என்ன உடை என்றெல்லாம் விளக்கமாயிருக்கிறது. இந்தப் பதின்மூவரின் பையைத் தூக்கப்போகிறவன் யார் என்பதற்கு ஒரு சொல் இல்லை! மருத்துவ நிலையத்துக்கு நிதி சேர்க்கும் பயணத்திலே முதலில் மருத்துவம் தேவைப்படுகிறவன் அவன்தான். கும்பு மலைப்பாதையிலே மூட்டை சுமப்போர் எல்லாரும் ஷெர்ப்பாக்கள் அல்லர். தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்கு வரும் ராய், தமாங் இனத்தவர் பலர்; உயரம் அவர்களுக்கும் புதிது. பயணிக்கு வரும் மலைநோய் அவர்களுக்கும் வரும். மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்து ஆளைக் கொல்லும். பயணியிடம் கம்பளிச் சட்டையும் காப்பீடும் உண்டு. கூலியிடம் கிழிந்த செருப்பு. 1997-இல், மலைநோய் கண்ட ஓர் இளந்தொழிலாளி கவனிப்பாரற்று மாண்டான். அதன் பின்னரே சுமைத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று பன்னாட்டுக் குழு ஒன்று தோன்றியது. நேபாளத்திலே ஒருவன் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றாதே, படுக்க இடம் கொடு, நோயுற்றால் தனியாகக் கீழே துரத்தாதே என்று அது சொல்லிவருகிறது. சொல்லவேண்டிய நிலையில் உலகம் இருக்கிறதே, அதை எண்ணிப்பார்.

நாடகம் நடத்தி நிதி திரட்டியவன் நான். வெள்ளத்துக்கும் தீவிபத்துக்கும் வேடம் கட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்திலே கண்டதொன்று: கட்டடத்துக்குப் பணம் கேட்டால் கை நீளும், ஏனெனில் கல்வெட்டு இருக்கிறது. செவிலியின் சம்பளத்துக்குக் கேட்டால் கை மடங்கும். பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் எவனும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. திறப்புவிழாவிலே தோரணம், மறு ஆண்டு பூட்டிய கதவிலே ஒட்டடை! நம் ஊரிலேயே பார்த்திருப்பாய். மலையிலே அந்தப் பூட்டைக் காணப் பத்து மைல் இறங்கி வரவேண்டும் பிள்ளைத்தாய்ச்சி.

"அரசு செய்யவேண்டியதை நடைப்பயணத்தாரிடம் கேட்பதா?" என்று படிப்பகத்திலே கேட்டார் முதல் தோழர். சரியான கேள்வி. 2015-இல் நேபாளம் இயற்றிக்கொண்ட அரசியல் சட்டம், அடிப்படை மருத்துவத்தை இலவசமாகப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று 35-ஆவது பிரிவிலே பொறித்திருக்கிறது. எனவே எந்த நன்கொடையும் அந்த அரசின் தோளிலிருந்து அந்தப் பொறுப்பை இறக்கிவிடலாகாது. மன்னராட்சியைப் போக்கிய மக்கள் கேட்டுப் பெறவேண்டிய ஒன்று அது. அந்நியன் கையேந்திக் கொடுத்து முடிவதன்று. ஆனால் சட்டத்திலே எழுதிய எழுத்து மலையேறிச் செல்லும்வரை நோயாளி காத்திருப்பானா? அதனால்தான் 'கொடுக்காதே' என்று நான் சொல்லவில்லை.

தோழர் மகனுக்கு எழுதியிருக்கிறேன். என் பங்காக இரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறேன். கிலோமீட்டர்க் கணக்கு எனக்கு வேண்டா, நீ வழியிலே களைத்து உட்கார்ந்தாலும் பணம் அந்த ஊருக்குத்தான் என்று குறித்திருக்கிறேன். கூடவே சில கேள்விகள். அந்த ஊரார் கேட்டது மருத்துவ நிலையந்தானா, அன்றி நீங்களாக முடிவு செய்ததா? அங்கே செவிலியாய் இருப்பவர் அந்த மண்ணின் மகளா, அவருடைய மூன்றாம் ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும்? அந்த வட்டத்து அரசு மருத்துவர் இதை அறிவாரா? திரளும் தொகையிலே உங்கள் விமானச் சீட்டுக்கு ஒரு ரூபாயேனும் போகிறதா? உங்கள் மூட்டையைத் தூக்குகிறவரின் பெயர் என்ன, அவர் அணியப்போகும் காலணியைப் பார்த்தீர்களா?

பையன் நேர்மையானவன். கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே தொலைபேசியிலே விடை சொன்னான்: "தெரியவில்லை, மாமா. லுக்லாவில் இறங்கியதும் முதலில் அதைக் கேட்கிறேன்." மற்றவற்றுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். துண்டறிக்கை படிப்பகப் பலகையிலே ஒட்டப்பட்டிருக்கிறது. கொடுக்க விரும்பும் தோழர்கள் அவன் மடல் வரும்வரை பொறுத்திருக்கலாம், அல்லது என்னைப்போல் கேள்வியையும் சேர்த்தே அனுப்பலாம்.