ஒரு சாணுக்குள் ஒரு விமானம்

சிலாங்கூர் மாநிலத்தின் கோலா லங்காட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களும் அலையாத்திக் காடுகளும் நிறைந்த கேரித் தீவு உள்ளது. அதற்குத் தெற்கே மோரிப் கடற்கரை இருக்கிறது. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்கள் இந்தக் கரைக்கு எதிரே வந்து நின்றன. இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் மோரிப்பில் கரையிறங்கினர். 'சிப்பர்' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கை தொடங்குவதற்கு முன்பே ஜப்பான் சரணடைந்துவிட்டது. எனவே, அங்குச் சண்டை நடக்கவில்லை. மென்மையான கடற்கரை மண்ணில் இராணுவ வாகனங்கள் பல புதைந்து நின்றதுதான் படையினருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது.

அந்தக் கப்பல்களுடன் சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களும் வந்திருந்தன. அவற்றின் தளங்களில் 'ஹெல்கேட்', 'சீஃபயர்' எனும் இரண்டு வகைக் கடற்படைப் போர் விமானங்கள் இருந்தன. இன்று அதே விமானங்களைப் பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வாங்கலாம். நாமே வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி மாதிரியாகக் கட்டலாம். இது சிறுவர் விளையாட்டு என்றும், பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும் வேலை என்றும் பலர் கருதுகின்றனர். என் கருத்து வேறு. முறையாகக் கட்டப்படும் ஒரு மாதிரி விமானம், அறிவியலையும் வரலாற்றையும் ஒரே மேசையில் கற்பிக்கும். இடைநிலைப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைகளில் அதற்கு இடம் தரலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். மாதிரிப் பெட்டிகளின் மேல் 1/72, 1/48 என்பன போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். உண்மையான பொருளை எத்தனை மடங்கு சிறிதாக்கியுள்ளனர் என்பதை அவை காட்டுகின்றன. ஹெல்கேட் விமானத்தின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 13.06 மீட்டர். அதை 72ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர் வரும். ஒரு சாணுக்குள் அந்த விமானம் அடங்கிவிடுகிறது! கணிதப் பாடத்தில் விகிதம் என்று படிப்பது இங்கே கைக்குள் வந்து அமர்கிறது. கப்பலில் இறக்கைகளை மடித்து வைத்தால் அதே விமானத்தின் அகலம் 4.93 மீட்டர்தான். மாதிரியில் அது 7 சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

இறக்கையை ஏன் மடிக்க வேண்டும்? ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய கப்பலுக்குள் இருபது விமானங்களை நிறுத்த வேண்டுமானால் வேறு வழியில்லை. பறவை தன் சிறகுகளை உடலோடு ஒட்டி மடிப்பதுபோல் ஹெல்கேட்டின் இறக்கைகள் பின்னோக்கித் திரும்பி உடலோடு ஒட்டி நிற்கும். இந்த முறையைச் சிந்தித்தவர் லெராய் கிரம்மன் எனும் அமெரிக்கப் பொறியியலாளர். ஹெல்கேட்டுக்கு முந்திய 'வைல்ட்கேட்' விமானத்துக்காக அவர் இதை உருவாக்கினார். அப்போது அவர் கையில் எடுத்தவை ஓர் அழிப்பானும் சில காகிதப் பிடிப்பு ஊசிகளும்தான். அழிப்பானை விமானத்தின் உடலாகவும், அதில் குத்திய ஊசிகளை இறக்கைகளாகவும் வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் குத்தினால் இறக்கை சரியாகத் திரும்பி மடியும் என்று அவர் சோதித்துப் பார்த்தார். மாதிரி என்பது பெரிய சிந்தனைக்கும் கருவியாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மாதிரிகளைக் கடற்படையே மாணவர்களிடம் கேட்டுப் பெற்ற காலமும் உண்டு. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, அந்நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 500,000 மாதிரி விமானங்களைச் செய்து தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டது. மாணவர்கள் அவற்றை மரத்தில் செதுக்கினர். அவையும் 72 மடங்கு சிறியவை. அத்தகைய மாதிரியை 10 மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்த்தால், 720 மீட்டர் தொலைவில் பறக்கும் உண்மையான விமானத்தைப் போலத் தெரியும். வானில் வருவது நம் விமானமா, எதிரியின் விமானமா என்று கண நேரத்தில் அடையாளம் காண வீரர்கள் அவற்றைக்கொண்டு பயிற்சி பெற்றனர். தவறாக அடையாளம் கண்டால் தம்மவரையே சுட நேரிடும். மாணவர் செதுக்கிய ஒரு வளைவு பிசகினால் அதன் விளைவு அத்தகையது.

மாதிரி கட்டுவோர் அடையும் பெரும்பயன், ஒரு பொருள் ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே. ஹெல்கேட்டையும் சீஃபயரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஹெல்கேட்டின் சக்கரக் கால்கள் தடித்தவை. ஒன்றுக்கொன்று நன்கு விலகி நிற்பவை. சீஃபயரின் கால்கள் மெலிந்தவை, நெருக்கமாக இருப்பவை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஹெல்கேட், கப்பலுக்கென்றே பிறந்த விமானம். சீஃபயரோ, நிலத்திலுள்ள ஓடுதளங்களிலிருந்து பறந்த 'ஸ்பிட்ஃபயர்' விமானத்தில் கொக்கியும் மடியும் இறக்கைகளும் பொருத்திக் கடலுக்கு அனுப்பப்பட்ட விமானம். விண்ணில் அது மிக வேகமானது, அழகானது. ஆனால், அசையும் கப்பலின் தளத்தில் வந்து விழுந்து, குறுக்கே கட்டிய கம்பிவடத்தைக் கொக்கியால் பற்றி நிற்கும் முரட்டு வேலைக்கு அதன் உடல் ஏற்றதாக இல்லை. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கரையருகே, எதிரி சுட்டு வீழ்த்திய சீஃபயர்களைவிடக் கப்பல் தளத்தில் இறங்கும்போது விபத்தில் சிதைந்தவையே பன்மடங்கு அதிகம். காற்று குறைவாக வீசியதும் கப்பல்கள் மெதுவானவையாக இருந்ததும் அதற்குத் துணைக் காரணங்கள்.

ஓரிடத்தில் சிறந்து விளங்கும் கருவியைச் சிறு மாற்றத்துடன் வேறிடத்தில் பயன்படுத்தினால் அங்கும் அது சிறக்கும் என்று நம்புவது எளிது. அந்த நம்பிக்கைக்கு விமானிகள் உயிரை விலையாகக் கொடுத்தனர். இந்தச் செய்தியைப் புத்தகத்தில் படிப்பவர் மறந்துவிடலாம். அந்த மெலிந்த காலைத் தம் விரலால் பிடித்து, ஒடிந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சி ஒட்டியவர் மறக்கமாட்டார்.

வண்ணம் தீட்டும்போதும் இத்தகைய கேள்விகள் எழும். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று நிறங்கள் இருப்பது வழக்கம். ஆனால், நம் வட்டாரத்தில் பறந்த விமானங்களின் சின்னத்தில் சிவப்பு இராது. ஜப்பானிய விமானங்களின் சின்னம் சிவப்பு வட்டம். அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே சிவப்பை நீக்கினர். ஒரு சிறு ஒட்டுத்தாளுக்குள் இத்தனை வரலாறு இருக்கிறது.

இனி, மறுப்போர் கூறும் காரணங்களையும் நேர்மையாக ஆராய வேண்டும். போர்க்கருவியின் மாதிரியைக் கட்டினால் போரையே விரும்பும் மனம் வளராதா என்று சிலர் கேட்கின்றனர். இது புறந்தள்ளக்கூடிய கேள்வியன்று. வேகத்தையும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு அந்த ஆபத்து உண்டு. மருந்து, அந்த விமானம் பறந்த காலத்தில் நிலத்தில் வாழ்ந்த மக்களைப் பற்றியும் படிப்பதுதான். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் நோயாலும் பசியாலும் மாண்டனர். மோரிப்பில் படை இறங்கிய அந்த செப்டம்பர், பிரிந்தவர் திரும்புவாரா என்று வாசலைப் பார்த்துக் காத்திருந்த குடும்பங்களின் செப்டம்பரும் ஆகும். இதை அறிந்து கட்டுபவருக்கு அந்த விமானம் வெற்றிச் சின்னமாக மட்டும் தெரியாது. மோரிப்புக்கு வந்த ஹெல்கேட்டை, இறக்கைகள் மடித்து அமைதியாக நிற்கும் நிலையில் கட்டுவதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

உள்ளூர்க் கைவினை இருக்க, அயல்நாட்டுப் பெட்டி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. கேரித் தீவில் வாழும் மா மெரி பூர்வகுடியினர் மரச் சிற்பக் கலையில் உலகப் புகழ் பெற்றவர்கள். சதுப்புநிலக் காட்டில் வளரும் 'நிரே பத்து' மரத்தில் அவர்கள் மூதாதையர் வடிவங்களைச் செதுக்குகின்றனர். சங்கிலியிட்ட புலியின் சிற்பத்தில், அசையும் சங்கிலி வளையங்கள்கூட ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்து எடுக்கப்படுகின்றன. அந்தக் கலைக்கு முன் பிளாஸ்டிக் மாதிரியை நிறுத்தி ஒப்பிடுவது முறையாகாது. சிற்பிக்கு வழிகாட்டித் தாள் இல்லை. வடிவம் அவர் மனத்தில் இருக்கிறது. மாதிரி கட்டுபவர் பிறர் வகுத்த வழியில் செல்கிறார். ஆயினும், ஒன்றைக் கூற விரும்புகிறேன். பிளாஸ்டிக் இறக்கையின் விளிம்பை ஒரு வாரம் தேய்த்து நேர்படுத்திய மாணவர், சுங்கை பும்புன் கிராமத்துச் சிற்பி குடைந்த ஒரு வளையத்தின் அருமையை மற்றவரைவிட நன்றாக உணர்வார். கைவேலை செய்தவருக்கே கைவேலையின் மதிப்பு தெரியும்.

செலவு பற்றிய கவலையும் நியாயமானதே. அதற்காகத்தான் இதைக் கழக நடவடிக்கையாகப் பரிந்துரைக்கிறேன். 1/72 அளவிலான ஒரு பெட்டியை ஐந்து மாணவர்கள் சேர்ந்து வாங்கலாம். வெட்டும் குறடு, சிறு கத்தி, அரம், மணல்தாள், தூரிகை ஆகியவற்றைப் பள்ளியின் பட்டறையில் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டிச் சீர்செய்யட்டும், ஒருவர் ஒட்டட்டும், ஒருவர் வண்ணம் தீட்டட்டும். மற்ற இருவர் வரலாற்றைத் தேடட்டும். பசையும் வண்ணமும் மணம் மிகுந்தவை. ஆகவே, காற்றோட்டமுள்ள இடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில் வேலை செய்தல் வேண்டும்.

அவசரப்படுவோருக்கு இந்த வேலை கைகொடுக்காது. விமானி அமரும் அறையை முதலில் வண்ணம் தீட்டி முடிக்க வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் பிறகு தூரிகை உள்ளே நுழையாது. ஒட்டுவதற்கு முன் பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை, இரு பரப்புகளையும் சிறிது உருக்கி ஒன்றாக்குகிறது. ஒட்டியபின் பிரித்தால் பாகம் பாழாகும். நம் நாட்டின் ஈரக் காற்றிலோ வண்ணம் உலரக் கூடுதல் நேரம் ஆகும். மழை நாளில் மேற்பூச்சு அடித்தால் அது வெண்மையாகப் பூத்துவிடக்கூடும். திரையைத் தொட்டவுடன் எல்லாம் நடந்துவிடும் காலத்தில், நாளை வரை காத்திரு என்று சொல்லும் ஒரு வேலை மாணவர்களுக்குத் தேவை.

மாதிரி முடிந்ததும் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதுடன் கடமை தீர்ந்துவிடக் கூடாது. அதன் அருகே மாணவர்களே தமிழில் எழுதிய பத்து வரிகள் இருக்க வேண்டும்: இது என்ன விமானம், ஏன் இந்த வடிவம், எங்கே பறந்தது, அப்போது இங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள். மோரிப் கரையில் அந்தத் தரையிறக்கத்தின் நினைவுச்சின்னம் நிற்கிறது. வாய்ப்புள்ளவர்கள் அங்குச் சென்று பார்த்துவிட்டு எழுதலாம். அந்தப் பத்து வரிகளை எழுத முடியாதவர், ஒட்டும் வேலையை முடித்திருந்தாலும், மாதிரியை இன்னும் முடிக்கவில்லை என்பேன்.